தடுத்த கை

பௌர்ணமி முடிந்த அந்த வாரமே அடி அண்ணாமலையில் இருமல் ஆரம்பித்துவிட்டது. அத்தனை ஜனம் ஒரே பாதையில் உரசிக்கொண்டு மலையைச் சுற்றிப் போனால், புண்ணியத்தை மட்டுமா இறக்கி வைத்துவிட்டுப் போகும்? டீக்கடையில் இருமல், ரேஷன் கடை வரிசையில் இருமல். கோயிலில் மணி அடிக்கிறவர்கூட ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் அடித்தார். கேட்டால் ஆளுக்கொரு சாக்கு. மழையில் நனைந்தேன், ஐஸ் மோர் குடித்தேன், தலைக்கு ஊற்றிக்கொண்டேன். காய்ச்சல் என்கிற வார்த்தையை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் ரேணுகாம்பாள், இந்த ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். இங்கே பாதிப் பேருக்கு முதல் தடுப்பூசி போட்டவள் நான்தான். அதனால் ஊரில் யாரையும் திட்ட எனக்கு உரிமை உண்டு என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் அதை எதிர்த்து மனு கொடுக்கவில்லை.

சளி மாதிரி எடுத்து அனுப்பியதில் இன்ஃப்ளூயன்சா என்று வந்தது. எங்கள் துறையைக் குறை சொல்ல ஆரம்பித்தால் மூச்சு வாங்கும் வரை சொல்லுவேன். ஆனால் அந்த முறை சென்னையிலிருந்து உத்தரவு வந்த வேகத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்க ஆள், தெருமுனையில் மருத்துவ வண்டி, கிரிவலப் பாதையில் முகக்கவசம் கொடுக்க மேசை, பெட்டி பெட்டியாக மாத்திரை, கர்ப்பிணிகளுக்கென்று தனியாகத் தடுப்பூசி. எல்லாம் கேட்பதற்கு முன்பே வந்து இறங்கின.

வட்டார மருத்துவ அலுவலர் சிந்துஜா எங்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். சின்ன வயது, பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"கர்ப்பிணிங்கதான் முதல்ல. எட்டாம் மாசம், ஒம்பதாம் மாசத்துல இந்தக் காய்ச்சல் நெஞ்சுல எறங்கிட்டா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீங்க. காய்ச்சல்னு தெரிஞ்ச அன்னைக்கே மாத்திரைய ஆரம்பிங்க. ஒருத்தரையும் விடக்கூடாது."

ஒருத்தரையும் விடக்கூடாது என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் ஊரில் எந்த வயிறும் என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கர்ப்பிணி வீடாக ஏறி இறங்கினேன். எல்லாரும் கையை நீட்டினார்கள், வினோதினியைத் தவிர.

வினோதினிக்கு எட்டாம் மாதம். புருஷன் விமல்ராஜ் ஆட்டோ ஓட்டுகிறான். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள் என்பதால் தாய் வீட்டுக் கதவு சாத்தியது சாத்தியதுதான். மாமியாரோ மாலை போட்ட படத்தில் இருக்கிறார். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை இது. மாதா மாதம் வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை நான் கேட்க வைப்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவள் போல அழுவாள்.

"ஊசி போட்டா காய்ச்சல் வருமா நர்சம்மா?" என்றாள்.

"லேசா வரலாம். ஒரு நாள் இருக்கும், போயிடும்."

"அப்ப வளையல் விழா முடிஞ்சதும் போட்டுக்கறேன். வியாழக்கிழமதான. நடுவுல காய்ச்சல் கீய்ச்சல் வந்துட்டா நான் எப்படி வருவேன்?"

எவ்வளவு சொல்லியும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை முதல் ஆளாக நானே வந்து நிற்கிறேன் என்று சத்தியம் செய்தாள்.

வளையல் விழா என்று அவள் சொன்னது அரசாங்கம் நடத்தும் சமுதாய வளைகாப்பு. கல்யாண மண்டபத்தில் சுற்றுவட்டார கர்ப்பிணிகளை எல்லாம் வரிசையாக உட்கார வைத்து, சாதி மதம் பாராமல் சந்தனம் பூசி, வளையல் போட்டு, தட்டு கொடுத்து, கலவை சாதம் போட்டு அனுப்புவார்கள். அரசாங்கம் செய்கிற காரியங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அது. தாய் வீடு இல்லாதவளுக்கு ஒரு நாளைக்காவது தாய் வீடு. வினோதினி கர்ப்பமான நாளிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மண்டபத்தில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. வாசலை ஒட்டி, இரத்த அழுத்தம் பார்க்கிற மேசை. என் வீட்டுக்காரர் போன பிறகு வளையல் தட்டுப் பக்கம் நான் போவதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதில்லை. அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டாமே என்று நானே ஒதுங்கிக்கொள்வேன். ஊசி போட என் கை வேண்டும், வளையல் போட வேண்டாம். எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் பிள்ளைத்தாய்ச்சியின் மனதில் ஒரு சின்னக் கலக்கம்கூட என்னால் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இந்தக் காய்ச்சல் காலத்தில் அந்த விழா வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஒரு துறை கூட்டம் கூடாதே என்கிறது, இன்னொரு துறை கர்ப்பிணிகளையே கூட்டம் சேர்க்கிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். அங்கன்வாடிகளின் மேற்பார்வையாளர் தமிழ்செல்விக்குப் போன் போட்டேன். விழா ஏற்பாடு முழுக்க அவள் தலையில்தான் இருந்தது.

"தள்ளி வைம்மா."

"நான் இன்னாக்கா பண்றது? மண்டபம் சொல்லியாச்சு, பேனர் அடிச்சாச்சு, பெரிய ஆளுங்க எல்லாம் வராங்க. வளைகாப்புக்குக் குறிச்ச நாள மாத்துனா பொண்ணுங்களே ஒத்துக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவள் சொன்னதிலும் பொய் இல்லை. சிந்துஜா டாக்டர் மேலிடத்தில் போராடிப் பார்த்து, வாசலில் காய்ச்சல் பரிசோதனை, எல்லாருக்கும் முகக்கவசம், காய்ச்சல் இருந்தால் உள்ளே அனுமதி இல்லை என்ற அளவுக்கு வாங்கி வந்தார். பாதியாவது கிடைத்ததே என்றார். பாதிக் கதவைச் சாத்தினால் நாய் உள்ளே வராதா என்றேன். அவர், "அந்த வாசல்ல நீங்களே நில்லுங்க" என்றார்.

காய்ச்சல் இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவித்தார்கள். அந்த அறிவிப்புதான் வினை. பத்திரமாக இருங்கள் என்று நாங்கள் சொன்னோம். காய்ச்சல் தெரியாமல் வாருங்கள் என்று ஜனத்தின் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. மண்டப வாசலில் நெற்றியில் காட்டுகிற வெப்பமானியோடு நின்றேன். பட்டுப்புடவையும் மல்லிகையும் வயிறுமாகப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்திக்கும் காய்ச்சல் இல்லை. ஊரே இருமுகிறது, இங்கே மட்டும் எல்லா நெற்றியும் ஐஸ் வைத்த மாதிரி இருக்கிறது. வெப்பமானியை என் நெற்றியிலேயே ஒரு தடவை காட்டிப் பார்த்தேன்.

வினோதினி பச்சைப் புடவையில் வந்தாள். வெப்பமானி அவளுக்கும் சரியாகத்தான் காட்டியது. உள்ளே நகரப் போனவளை மறுபடி பார்த்தேன். அந்தக் குளிரிலும் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. மூச்சு விடும்போது தோள்பட்டை ஏறி இறங்கியது.

"விமல் எங்கடி?"

"ஆட்டோவ... ஓரமா... போட்டுட்டு வராரு."

நாலு வார்த்தையை மூன்று மூச்சில் சொன்னாள். அவள் விரலைப் பிடித்து ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினேன். தொண்ணூற்று மூன்று. வயிற்றில் பிள்ளை உள்ளவளுக்கு அது போதாது.

"காலையில இன்னா மாத்திர போட்ட?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அவருக்கு மொதல்ல இருமல் வந்துச்சு. எனக்கு நேத்துலேர்ந்துதான். ஜாஸ்தி எல்லாம் இல்ல நர்சம்மா. மாத்திர போட்டதும் கம்மியாயிடுச்சு."

அவள் உள்ளே காலெடுத்து வைத்தாள். நான் கையைக் குறுக்கே நீட்டினேன்.

"நீ உள்ள போகக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போற."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே நாதஸ்வர ரெக்கார்டு போட ஆரம்பித்திருந்தார்கள்.

"ஒரு கைக்கு மட்டும் போட்டுகினு வந்துடறேன் நர்சம்மா. ஒரே ஒரு கை. எனக்கு வேற யாரு போடுவாங்க? உங்க கால்ல வேணாலும் விழறேன்."

நான் கையை எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், என் காதில் விழட்டும் என்றே சொன்னாள். "நல்ல காரியத்துக்கு வாசல்லயே இவங்கள நிறுத்தி வெச்சா இப்படித்தான் ஆவும்." திரும்பி அவளை நாலு கேட்டிருப்பேன். கேட்க நேரமில்லை. கையிலிருந்த ஃப்ளூ மாத்திரையை வினோதினியின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். 108 வண்டி வந்தது. ஏறும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எங்கே போய்ச் சொல்வேன். பெற்ற தாய் கதவைச் சாத்தியபோதுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

வண்டி கிளம்பியதும் நேராக மேடைக்குப் போனேன். வரவேற்புரை பேசிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்று பிற்பாடு சொன்னார்கள், அப்படியே இருக்கட்டும்.

"பொண்ணுங்களா, காலையில காய்ச்சல் மாத்திர போட்டுகினு வந்தவங்க கையத் தூக்குங்க. நான் திட்ட மாட்டேன்."

நான் திட்ட மாட்டேன் என்றால் ஊரில் குழந்தைகூட நம்பாது. அன்று நம்பினார்கள். என் குரல் அப்படி இருந்திருக்கும். ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மண்டபத்தின் நாலா பக்கமும்.

தமிழ்செல்வி மேடை ஓரத்தில் வெளுத்துப் போய் நின்றாள். பெரிய ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவள் நினைத்திருந்தால் என்னைக் கீழே இறக்கியிருக்கலாம். அவள் மைக்கை என்னிடமிருந்து வாங்கி, "விழா இதோட முடிஞ்சுதும்மா. தூறல் நின்னுடுச்சு, எல்லாரும் வெளிய திடலுக்கு வாங்க, தள்ளித் தள்ளி நில்லுங்க. வளையல், சாப்பாடு எல்லாம் உங்க உங்க வீட்டுக்கு வரும். நான் பொறுப்பு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளை இனிமேல் நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் சிந்துஜா வண்டியோடு வந்து கை தூக்கிய ஒவ்வொருத்தியையும் அங்கேயே பார்த்து மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டுப் பாத்திரங்கள் அங்கன்வாடிகளுக்குப் பிரிந்து போயின.

மறுநாள் மதியம் காய்ச்சல் கணக்கெடுப்பை முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனி வார்டு. விமல்ராஜுக்கும் இருமல் என்பதால் உள்ளே விடவில்லை. முகக்கவசத்தோடு வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றான்.

"ஆக்சிஜன் இன்னும் எறங்கினா கொழந்தைய வெளிய எடுத்துடணும்னு சொல்றாங்க நர்சம்மா. அவ ஒரு வாய் சாப்பிடல. வளையல் சத்தம் கேக்காமலே புள்ள பொறந்துடுமோனு அழுவுறா. அழுதா இன்னும் மூச்சு வாங்குது. அழாதனு கண்ணாடி வழியா சைகதான் காட்ட முடியுது."

அவனும் அழுதான். கவசம் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். வினோதினி என்னைப் பார்த்ததும் ஆக்சிஜன் மாஸ்க்கோடு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. வார்டு டாக்டரிடம் போய், இடது கைக்குக் கண்ணாடி வளையல் போடலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அழுகைய நிறுத்துற மாத்திர உங்ககிட்ட இருந்தா குடுங்க டாக்டர். இல்லனா இதுக்கு விடுங்க."

"டிரிப்ஸ் வலது கைலதான் ஓடுது. கழுவிட்டுப் போடுங்க" என்றார்.

கோயில் தெருவில் அஜ்மத் பேகம் வளையல் கடை. என் கல்யாணத்துக்கும் அந்தக் கடையில்தான் எடுத்தோம். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். பச்சையும் சிவப்பும் கலந்து ஒற்றைப்படையில் எண்ணிக் கட்டினார். "காய்ச்சல்ல கை கொஞ்சம் வீங்கியிருக்கும். சோப்பு நொரையோட ஏத்துங்க, நோவாது. அல்லா காப்பாத்துவான்" என்றார்.

வார்டில் எழிலரசி என்று ஒரு நர்ஸ். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள், நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பாள். அவளைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். வளையலைச் சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு அவள் கையில் கொடுத்தேன். அவள் கட்டில் பக்கம் போய், "வினோதினி, இங்க பாரு இன்னா கொண்டாந்திருக்கேன்னு" என்றாள்.

வினோதினி திரும்பினாள். வளையலைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க போட வேணாம் சிஸ்டர். அவங்க போடட்டும்."

எழிலரசி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"நான் போடக் கூடாதுடி. ஊர் வழக்கம் உனக்குத் தெரியும்ல."

"தெரியும்." மாஸ்க்குக்குள் ஆவி படர்ந்து அடங்கியது. மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள். "வாசல்ல என்னத் தடுத்துச்சே ஒரு கை. அது தடுக்கலனா நான் மண்டபத்துலயே விழுந்திருப்பேனாம். டாக்டர் சொன்னாரு. அந்தக் கையே போடட்டும்."

"அப்புறம் ஏன்டி மூஞ்சியத் திருப்பிகினே?"

"கோவம் வேற... இது வேற."

அவள் இடது கையை வெளியே நீட்டினாள். வீங்கிய, சூடான கை. ஒவ்வொன்றாகச் சோப்பு நுரையோடு ஏற்றினேன். என் கையால் வளையல் ஏறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கடைசி வளையல் ஏறியதும் அவள் மணிக்கட்டை மெதுவாக வயிற்றுப் பக்கம் கொண்டுபோய் ஆட்டினாள். உள்ளே இருப்பவனோ இருப்பவளோ கேட்டிருக்க வேண்டும், வயிறு ஒரு பக்கம் புடைத்து இறங்கியது. எழிலரசி கவசத்துக்குள் மூக்கை உறிஞ்சினாள். நான் அழுதேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமல்ராஜ் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

வளையல் போட்டதும் நோய் ஓடிப்போய்விடவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் ஆக்சிஜன் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருந்தது. காலையில் கணக்கெடுப்பு, தமிழ்செல்வியோடு போய் வீடு வீடாக வளையல், தடுப்பூசி, மாத்திரை, மதியம் ஆஸ்பத்திரி. தினமும் வீட்டில் புளி சாதம் கிளறி ஒரு டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டு போவேன். இன்னைக்கு வேணாம் என்று எழிலரசி தலையாட்டுவாள். திருப்பி எடுத்து வந்து நானே தின்பேன். மறுநாள் மறுபடியும் கிளறுவேன். அவள் விழாவில் விட்ட சாப்பாடு அது, அவள் வாயில் போடாமல் நான் விடுவதாக இல்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் வார்டு வராந்தாவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. கண்ணாடி வளையல் சத்தம். விட்டு விட்டு, யாரோ கையை ஆட்டி ஆட்டி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி. நான் கவசத்தைக் கட்டிக்கொண்டு நேராக உள்ளே போனேன்.

வினோதினி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் கொக்கியில் தொங்கியது. வயிறு வயிறாகவே இருந்தது, பிள்ளையை வெளியே எடுக்க வேண்டி வரவில்லை. எழிலரசியிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"எல்லாருக்கும் வீட்டுக்கே கலவ சாதம் போச்சாமே நர்சம்மா. எனக்கு எங்க?"

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். மூடி இறுகியிருந்தது, என் கை வழுக்கியது. அவளே வளையல் கையை நீட்டி வாங்கித் திறந்தாள்.